மூணு மில்லி

படம் வரதுக்கு ஏழு மாசம் முன்னாடியே
அவனை எனக்குத் தெரியுமுங்க.
மஞ்ச நிறம், ஒத்தக் கொம்பு,
காலுக்குப் பதிலா ஆறு சக்கரம்,
கிப்புன்னு பேரு.
சீமைப் பிள்ளைகளுக்கு அவன்தான் உசுராம்.
எனக்கு அவன்
ஒரு நாளைக்கு எழுநூறு பீஸு.

அவிநாசி ரோட்டுக் கம்பெனி, மூணாவது மாடி,
டியூப்லைட்டுக்குக் கீழ செக்கிங் டேபிள்.
எதிர்ல ஒடிசாக்காரி ஜமுனா.
நம்ம பேச்சு அவளுக்குப் பாதிதான் வரும்,
"அக்கா, கண்ணு எறங்குது"ங்கறதை மட்டும்
சுத்தமாச் சொல்லுவா.
பிரிண்டிங்ல சட்டம் நகந்து
இடது கண்ணு மூணு மில்லி கீழ போயிருக்கும்.
செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை
அந்தக் கண்ணைப் பாத்து ஒட்டி
ரிஜெக்ஷன் பெட்டியில போடுவோம்.
சிரிச்சுக்கிட்டேதான் விழுவான்.

கிலோக் கணக்குல காதர்பேட்டைக்குப் போனதுல
ஒண்ணை நானே காசு குடுத்து வாங்கி,
நானே ஒட்டின அம்பைப் பிச்சுட்டு,
மிதுலாவுக்குப் போட்டுவிட்டேன்.
அதைத்தான் போட்டுட்டுப் படத்துக்கு வந்தா.

சாயப்பட்டறை நைட் ஷிப்ட் முடிச்சு வந்த மனுசன்
பேரு போடறதுக்குள்ள தூங்கிட்டாரு,
கண்ணாடி மாட்டினபடியே.
நகத்துல நேத்தைய நீலம்.

பாலத்து மேல லாரி குலுங்கி
கிப்பு ஆத்துல விழுந்தான்.
அப்பன், ஆத்தா, ரெண்டு பிள்ளைக,
ஓட்டை வேன்ல கெளம்பிட்டாங்க,
பனி, பாலைவனம், தகரத்தால ஒரு பட்டணம்.
ஒரு பொம்மைக்காக எத்தனை நாள் லீவு!

கிப்பு வாயைத் தெறந்தா மெட்ராஸ் தமிழு.
"ஏம்மா, பெரியவங்ககிட்டயும்
ங்க போடாமயே பேசறான்?"
முன் வரிசையே திரும்பிச் சிரிச்சுது.
"சீமையில வளந்தவன் கண்ணு, விடு."

இடைவேளையில பொரி நூத்தியெம்பது ரூபா.
பையில ஒளிச்சு வெச்ச முறுக்கை
சத்தமில்லாமக் கடிக்கச் சொன்னேன்.
பக்கத்து வரிசைப் பையன் நெஞ்சுலயும் கிப்பு.
கழுத்துல ரெண்டு தையல் விட்டிருக்கு,
இது எந்த டேபிளைத் தாண்டி வந்துச்சோ.

கடைசியில ஒரு தீவு, அதுல ஒரு குடோன்.
அடுக்கடுக்கா ஆயிரம் கிப்பு.
அத்தனையும் மஞ்ச, அத்தனையும் சிரிப்பு.
எதுடா நம்மளுதுன்னு அந்தப் புள்ள ஓடுது, ஓடுது.
ஆத்துல விழுந்தப்ப
அவனோட இடது கண்ணு லேசா எறங்கிருச்சு,
அதுதான் அடையாளம்.

அந்தப் புள்ளைக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்.
நாலாவது அடுக்கு, ஓரத்துல.
என் கை தன்னால துப்பட்டாவைத் தடவுச்சு,
முந்தாநாள் ஒட்டிட்டு வந்த அம்பு ஒண்ணு
அங்கயே இருந்துச்சு.
கட்டிப்புடிச்சு அந்தப் புள்ள அழ,
தியேட்டரே கை தட்டுது.
எனக்கு அழுகை வரலீங்க.
லாட்டுல நூத்துக்கு அஞ்சுக்கு மேல எறங்குச்சுன்னா
கப்பலேத்தாம நிறுத்திருவாங்க,
அதெல்லாம் படத்துல வராது.

மிதுலா குனிஞ்சு தன் நெஞ்சைப் பாத்தா.
அப்புறம் என்னைப் பாத்தா.
ஒண்ணும் கேக்கல.

கீழ பொம்மைக் கடை.
பெட்டிக்குள்ள கிப்பு, ரெண்டாயிரத்தி நானூறு.
ஒவ்வொரு பெட்டியாக் கண்ணைப் பாத்துட்டு,
செக்கிங் மக இல்லையா,
"இதுல ஒண்ணுகூட அவனில்லம்மா"ன்னா.
எனக்கு மூச்சு திரும்பி வந்துச்சு.

பெருமாநல்லூர் பஸ்ல மறுபடி தூங்கப் போற மனுசன்
"கெடச்சானா கடைசியில?"ன்னாரு.
"கெடச்சான்."
துப்பட்டாவுல இருந்த அம்பைப் பிச்சு
அப்பன் மூக்குல ஒட்டிட்டு
மிதுலாவும் தூங்கிட்டா.
பஸ்ஸே பாத்துச்சு, நான் எடுக்கல.

திங்கக்கெழம புது ஆர்டர்.
ஊதாக் கலர்ல ஒரு மீனு, மூணு கண்ணு.
அதோட கதை என்னன்னு
இன்னும் யாருக்கும் தெரியாது.
ஜமுனா மொத பீஸைத் தூக்கிக் காட்டினா.
நடுக் கண்ணு லேசா எறங்குது.